கீபோர்டைத் தொடாத வாத்தியார்

அம்மாடி,

போன சனிக்கிழமை முழுவதும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழிப் பயிலரங்கில் உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதே. கீடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட அந்த மொழிக்கும் பாம்புக்கும் சம்பந்தமில்லையாம், ஒரு நகைச்சுவைத் தொடரின் பெயரிலிருந்து எடுத்ததாம். வந்திருந்தவர்கள் எல்லாம் உன் வயதுக்காரர்கள். ஓடிவிட வசதியாகக் கதவோரம் இடம் பிடித்துக்கொண்டேன்.

அரைமணி நேரத்தில் மாட்டிக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க வந்திருந்த பெண் என் பக்கத்தில் வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏதோ எர்ரர் வருதும்மா" என்றேன். உன்னிடம் போனில் சொல்வேனே, அதே மாதிரி.

"என்ன எர்ரர்? வாய்விட்டுப் படிங்க சார், கடைசி வரியிலிருந்து."

படித்தேன். அடைப்புக்குறியைத் திறந்தாய், மூடவே இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. முன்பெல்லாம் அடுத்த வரியைக் காட்டிக் குழப்புமாம். 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்துதான் இப்படி உடைத்துச் சொல்கிறதாம். கற்றுக்கொள்பவரின் கீபோர்டைத் தொடக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு விதி. ஒற்றை அடைப்புக்குறிதான், அதையும் நானேதான் போட்டேன்.

மதியத்துக்கு மேல் நானே ஒரு வம்பை இழுத்தேன். 'தமிழ்' என்று எழுதி அதன் நீளத்தைக் கேட்டேன். 5 என்றது! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லும். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும் தெரியலை சார், பிரிச்சுப் பார்க்கலாமா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக அச்சிட்டோம்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் மெய்யெழுத்துக்குத் தனி எண் கிடையாது. ழகரத்தின் மேல் புள்ளி ஏறினால்தான் ழ். பைத்தான் நம் எழுத்தை எண்ணவில்லை, இந்தத் துண்டுகளை எண்ணுகிறது. சொல்லைத் திருப்பிப் போட்டால் புள்ளி முதலில் வந்து, உட்கார எழுத்தில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. எழுத்தெழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் என்று ஒரு நிரல் தொகுப்பே இருப்பதாகப் பின்வரிசைப் பையன் சொன்னான். அவளும் குறித்துக்கொண்டாள்.

எனக்கு அதுதான் உறுத்தியது. அலுவலகத்தில் எத்தனை பேருக்கு வேலை பழக்கியிருக்கிறேன்! "தெரியாது, பார்ப்போம்" என்று ஒரு நாளாவது என் வாயில் வந்திருக்குமா? உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த லட்சணம் உனக்கே தெரியும். நீ இரண்டு வரி போடுவதற்குள் பென்சிலைப் பிடுங்கி நானே முடித்துவிடுவேன். இப்போது நீ என் போனைப் பிடுங்குகிறாய் என்றால், அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

சரி, அடுத்த முறை வரும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில். நேரமாகும், பரவாயில்லை.

நான் எழுதிய நிரல் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பதினோராவது வரியில் ஏதோ இடறுகிறது. கண்டுபிடித்தால் சொல்லிவிடாதே.

அப்பா