மெக்னீசிய மாத்திரை தயாரிப்பவர்களுக்கு: அந்தப் பொடி எழுத்து எண்ணை முன்பக்கம் போடுங்கள்

மெக்னீசிய மாத்திரை தயாரித்து விற்கும் நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம். உங்கள் பாட்டில்கள் இரண்டு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கின்றன. ஒன்று நான் வாங்கியது, இன்னொன்று அம்மா வாங்கியது. இரண்டும் வேறு வேறு நிறுவனம். பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்தக் குறை உங்களில் பலருக்கும் பொருந்தும். அம்மாவின் பாட்டிலில் கொட்டை எழுத்தில் ‘மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.’ என்று இருக்கிறது. என்னுடையதில் ‘மெக்னீசியம் ஆக்சைடு 400 மி.கி.’

“இதுல ஆயிரம் போட்டிருக்கு, உன்னுதுல நானூறுதான். அப்போ என்னுதுதானே உசத்தி?” என்று கேட்டார் அம்மா.

நியாயமான கேள்வி. பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு கால்குலேட்டரும் தேவைப்பட்டன.

கிளைசினேட் என்பது ஒரு மெக்னீசிய அணுவை இரண்டு கிளைசின் மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டிருக்கும் சேர்மம். அதன் எடையில் மெக்னீசியம் சுமார் 14 சதவீதம்தான், மீதியெல்லாம் கிளைசின். ஆக 1000 மில்லிகிராமில் உண்மையான மெக்னீசியம் 140 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். இதோடு முடியவில்லை. பாட்டிலைத் திருப்பினால், மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ‘ஒரு வேளை அளவு: 2 மாத்திரை’ என்று இருக்கிறது. அதாவது அந்த ஆயிரமே இரண்டு மாத்திரைக்குச் சேர்த்துத்தான். அம்மா மூன்று மாதமாக நாளுக்கு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்தது 70 மில்லிகிராம். 28 கிராம் பாதாமை மென்றிருந்தால் 80 கிடைத்திருக்கும்.

என் ஆக்சைடு பாட்டிலின் கதை வேறு. ஆக்சைடில் மெக்னீசியம் 60 சதவீதம் என்பதால் 400-இல் 240 இருக்கிறது. கணக்கில் நான்தான் ஜெயித்தேன். ஆனால் ஆக்சைடு தண்ணீரில் சரியாகக் கரையாது, குடல் அதை உறிஞ்சுவதும் குறைவு. உறிஞ்சப்படாமல் தங்குவது தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், அதன் விளைவு என்ன என்று மலமிளக்கியாக மெக்னீசியத்தைக் குடித்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. சிட்ரேட் என்ற இன்னொரு சேர்மம் இதைவிட நன்றாகக் கரையும், அதில் மெக்னீசியம் சுமார் 16 சதவீதம். மூளைக்கென்று விற்கப்படும் திரியோனேட்டில் 8 சதவீதம்தான். சேர்மத்துக்குச் சேர்மம் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது சேர்மத்தின் மொத்த எடையை முன்பக்கத்தில் போடுவது, பலாப்பழத்தைத் தோலோடு நிறுத்துச் சுளையின் எடை என்று சொல்வது மாதிரி.

ஆக, நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு மாத்திரையில் தனி மெக்னீசியம் எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை முன்பக்கத்தில், நிறுவனத்தின் பெயர் இருக்கும் அளவு எழுத்தில் போடுங்கள். கிளைசினேட் என்ற பெயரில் ஆக்சைடையும் கலந்து ‘பஃபர்டு’ என்று பொடி எழுத்தில் எழுதும் பழக்கம் உங்களில் சிலருக்கு உண்டு. அதையும் முன்பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அமெரிக்கப் பரிந்துரைப்படி 31 வயதைத் தாண்டிய ஆணுக்கு நாளொன்றுக்கு 420 மில்லிகிராம் மெக்னீசியம் தேவை, பெண்ணுக்கு 320. அதே பரிந்துரை, மாத்திரையாக எடுத்தால் 350-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஐரோப்பாவில் அந்த உச்சவரம்பு 250. முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். தேவையே 420 என்றால் வரம்பு எப்படி அதற்குக் கீழே இருக்கும்? விஷயம் என்னவென்றால், 420 என்பது சாப்பாட்டையும் சேர்த்த மொத்தக் கணக்கு. 350 என்பது மாத்திரை, மருந்து வழியாக வருவதற்கு மட்டும். சாப்பாட்டில் வருவது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது, மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். மாத்திரை ஒரே அடியாக இறங்குவதால் வயிறு போகும். அந்த வரம்பை வைத்ததே வயிற்றுப்போக்கை அடிப்படையாகக் கொண்டுதான். தன் மாத்திரையில் எத்தனை இருக்கிறது என்றே தெரியாதவர் இந்த வரம்பை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்?

சரி, உங்கள் விளம்பரங்களுக்கு வருகிறேன். ‘களைப்பா? தூக்கமின்மையா? தசைப்பிடிப்பா? உங்களுக்கு மெக்னீசியக் குறைபாடு!’ இந்த மூன்றும் இல்லாத ஒருவரை எனக்குக் காட்டுங்கள். வயதானவர்களுக்கு வரும் கெண்டைக்கால் பிடிப்பைத் தடுக்க மெக்னீசியம் குறிப்பிடத்தக்க அளவில் உதவ வாய்ப்பில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அம்மா வாங்கியதே அந்தப் பிடிப்புக்காகத்தான்.

மெக்னீசியம் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. உடம்பில் சுமார் 25 கிராம் இருக்கிறது, பாதிக்கு மேல் எலும்பில். முந்நூறுக்கும் மேற்பட்ட நொதிகள் அதை நம்பி வேலை செய்கின்றன. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் அபாயத்தை மெக்னீசியம் சல்பேட் ஊசி பாதிக்கு மேல் குறைக்கிறது என்பது 2002-இல் வெளியான பெரிய ஆய்வில் உறுதியானது. அது மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பது. நெஞ்செரிச்சலுக்கான ஒமிப்ரசோல் வகை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள், நீர் பிரியும் மாத்திரையில் சில வகைகளை எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், குடல் நோய் உள்ளவர்கள், நிறையக் குடிப்பவர்கள் என்று உண்மையாகவே குறைபாடு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பதும் லேசு இல்லை. உடம்பில் உள்ள மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஓடுகிறது, அதனால் சாதாரண ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் காட்டிவிடாது. இவர்களுக்கு உங்கள் மாத்திரை உதவும். மருத்துவர் ‘இத்தனை மில்லிகிராம்’ என்று எழுதிக் கொடுத்தால், அவர்களும் உங்கள் பாட்டிலைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு அடுப்படியே போதும். வறுத்த பூசணி விதை 28 கிராமில் 156 மில்லிகிராம். அரை கப் வெந்த கீரையில், பசலை என்றால், 78. இலையின் பச்சைய மூலக்கூறுக்கு நடுவில் ஒரு மெக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். பருப்பு, பயறு, கொட்டை வகைகள், தீட்டாத தானியம் எல்லாவற்றிலும் இருக்கிறது. தானியத்தைத் தீட்டி வெள்ளையாக்கும்போது தவிட்டோடும் முளையோடும் பெரும்பகுதி போய்விடுகிறது. முதலில் அதை நீக்கிவிட்டு, அப்புறம் பாட்டிலில் அடைத்து வாங்குகிறோம். இந்தத் தப்பு உங்களுடையது இல்லை, எங்களுடையது.

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைத்தது. அம்மா தைராய்டுக்கு லெவோதைராக்சின் எடுக்கிறார். காலையில் எழுந்ததும் அதையும் உங்கள் மாத்திரையையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவந்தார். மெக்னீசியம் அந்த மருந்தைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே போகவிடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் எலும்புத் தேய்மான மாத்திரைகளுக்கும் இதே பிரச்சினை உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கோ மெக்னீசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், மிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும். எங்கள் இரண்டு பாட்டில்களிலும் இது பற்றி இருந்தது ஒரே வரி: ‘மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்.’ எதைப் பற்றி என்று கலந்தாலோசிப்பது? ‘தைராய்டு மாத்திரையோடு சேர்த்து எடுக்காதீர்கள், சிறுநீரக நோய் இருந்தால் கேட்காமல் எடுக்காதீர்கள்’ என்று எழுத இரண்டு வரி போதும். ‘நிம்மதியான உறக்கம்’ என்று நிலா படம் போட்டிருக்கும் இடத்தில் ஐந்து வரி எழுதலாம்.

இப்போது அம்மாவின் தைராய்டு மாத்திரை படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் பாட்டில் சாப்பாட்டு மேசையை விட்டு நகரக்கூடாது, ராத்திரி மட்டும்தான் திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதன் மூடியில் அம்மாவே கறுப்பு மார்க்கரால் ‘70’ என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பாட்டில் தீர்ந்ததும் மறுபடி வாங்குவாரா என்று கேட்டேன். “பாதாம் வாங்கிட்டு வா” என்றார். ஊற வைத்துத் தோல் உரித்துத் தருவது என் வேலையாம்.

இப்படிக்கு,
பூதக்கண்ணாடியோடு உங்கள் பாட்டிலைப் படித்த ஒரு வாடிக்கையாளர்