மாத்திரையை மேடையில் கேட்காதீர்கள்: போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும், சிறை ஊழியத்துக்கு வருகிற சகோதர சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

அந்தச் சாட்சிக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் முன்வரிசையிலேயே இருந்தீர்கள். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. சிறையிலிருந்து வந்து சில மாதங்களே ஆன ஒரு தம்பியை மேடையேற்றினீர்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள மருத்துவர் கொடுத்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தவன் அவன். நன்றாகத்தான் பேசினான். பேசி முடித்ததும் கூட்டத்தை நடத்தியவர் மைக்கிலேயே கேட்டார்: "இன்னும் அந்த மாத்திரை சாப்பிடுகிறாயா?" ஆமாம் என்றான். "கர்த்தர் விடுதலையாக்கினார் என்று இப்போதுதானே சொன்னாய், அப்புறம் மாத்திரை எதற்கு?" என்றார். கூட்டம் கைதட்டியது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அவன் வேறு என்னதான் செய்வான்? சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை மேடையில் வைத்துவிட்டு இறங்கினான். அதற்கும் ஒரு அல்லேலூயா.

அடுத்த வாரம் அவன் தங்கியிருந்த அறைக்கு ஜெபிக்கப் போனவர்களில் நானும் ஒருவன். ஓயாமல் கொட்டாவி விட்டான். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. போர்வையை விலக்கினால் உடம்பெல்லாம் புல்லரித்து நின்றது. கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. படுத்தபடியே சுவரை உதைத்துக்கொண்டிருந்தான். தூங்கி எத்தனை இரவு ஆயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. உடன் வந்த ஒருவர், "பிசாசு புறப்படும்போது இப்படித்தான் அலைக்கழிக்கும்" என்றார். ஐயா, அது பிசாசு இல்லை. மாத்திரை திடீரென்று நின்றால் உடம்பு அப்படித்தான் செய்யும். எந்தச் சிறை மருத்துவமனைச் செவிலியரைக் கேட்டாலும் சொல்வார். நானும் சொன்னேன். ஒரு காலத்தில் போதையில் கிடந்த என் பேச்சை யார் கேட்பார்கள்?

பிறகு அவன் பழைய இடத்துக்கே போனான், பழைய அளவு போதைப்பொருளையே எடுத்தான். உதடு நீலமாகிக் கிடந்தவனுக்கு ஆம்புலன்ஸில் வந்தவர்கள், அளவு மீறிய போதையை முறிக்கும் நலோக்சோன் மருந்தைப் போட்டதால்தான் மூச்சு திரும்பியது. உயிரோடு இருக்கிறான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் சபைப் பக்கம் வருவதில்லை. 'பின்மாற்றக்காரன்' என்று அவன் பெயர் ஜெபக் குறிப்பில் வந்துவிட்டது. மைக்கில் கேள்வி கேட்டவர் பெயர் எந்தக் குறிப்பிலும் வரவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: மருத்துவர் கொடுக்கும் மாத்திரையை விசுவாசத்துக்குப் பரீட்சையாக வைக்காதீர்கள். மேடையிலும் வேண்டாம், தனி ஜெபத்திலும் வேண்டாம்.

இதைச் சொல்கிறவன் விசுவாசத்தை லேசாக எடுத்துக்கொள்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். பல வருடம் ஹெராயினோடு கிடந்து, அதற்காகவே சிறைக்குப் போய், அங்கேதான் நான் கர்த்தரைக் கண்டுகொண்டேன். வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. எனக்குக் கிடைத்த வேதாகமத்தில் எண்ணாகமம் பாதி இல்லை. தாள் மெல்லியது என்று யாரோ புகையிலை சுற்றியிருந்தார்கள். நற்செய்தி நூல்கள் தப்பியிருந்தன, அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

சிறையில் தினமும் காலையில் ப்யூப்ரனார்ஃபின் என்ற அந்த மாத்திரையைக் கொடுப்பார்கள். அதை விழுங்கக் கூடாது, நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். முழுவதும் கரையும் வரை பேச முடியாது, தண்ணீர் குடிக்க முடியாது. கசப்பில் வாயெல்லாம் எச்சில் ஊறும், அதையும் விழுங்காமல் வைத்திருக்க வேண்டும். யாரும் மாத்திரையைப் பதுக்கிக் கொண்டுபோய் விற்றுவிடக் கூடாது என்று காவலர் எதிரிலேயே நிற்பார். கடைசியில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பார். அந்தச் சில நிமிடங்கள் நாங்கள் எல்லோரும் பெஞ்சில் வரிசையாக, வாயை மூடி உட்கார்ந்திருப்போம். சிறையில் அவ்வளவு அமைதி வேறெப்போதும் கிடைக்காது. வாய் திறக்காமல் ஜெபிக்க நான் அந்த பெஞ்சில்தான் பழகினேன். வாய் திறந்து ஜெபிக்க அதன் பிறகுதான் தைரியம் வந்தது. என் மனந்திரும்புதலில் கர்த்தருடைய பங்கு எது, மாத்திரையின் பங்கு எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தால் நான் மத்தேயுவின் முதல் அதிகாரத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

அந்த மாத்திரை செய்வது இவ்வளவுதான். ஹெராயின் மூளையில் போய் உட்காரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏக்கமும் உடல் வேதனையும் அடங்குகின்றன. பழகிய உடம்புக்கு மயக்கம் தருவதில்லை. இதையும், இதே சிகிச்சைக்குக் கொடுக்கும் மெதடோன் என்ற மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2005ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. நிறுத்துவதானாலும் மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவார். சிலர் வருடக்கணக்கில் எடுக்கிறார்கள். அது அவரவர் உடம்பும் மருத்துவரும் முடிவு செய்ய வேண்டிய காரியம், மூப்பர் குழு வாக்கெடுத்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை.

போதை இல்லாமல் கொஞ்ச காலம் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். நேற்று வரை சாதாரணமாக இருந்த அளவு இன்று மூச்சை நிறுத்திவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007ல் வெளிவந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறிய போதையால் இறக்கும் ஆபத்து அவர்களுக்கு மற்றவர்களைவிட 129 மடங்கு என்று அதில் கண்டார்கள். சிறையிலிருந்து வந்த ஒருவரிடம் மாத்திரையைப் பிடுங்கும்போது நீங்கள் அந்த ஆபத்தான நாட்களைத்தான் அவருக்குத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள். ஜெபத்தோடு பிடுங்கினாலும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

வேதத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். எசேக்கியா ராஜா வியாதியாய்க் கிடந்தபோது கர்த்தர் அவனுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தார். வாக்குத்தத்தம் கையிலிருக்க, ஏசாயா உடனே என்ன செய்தார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின் மேல் பற்றுப் போட வைத்தார். ராஜா பிழைத்தான். வாக்கு வந்தபிறகு அத்திப்பழம் எதற்கு என்று அங்கே யாரும் மைக்கில் கேட்கவில்லை. பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவரும் அதே பவுல்தான் (எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மருந்து ஆகாது, அது வேறு விஷயம்).

பவுலும் சீலாவும் அடைபட்டிருந்த பிலிப்பி சிறைச்சாலை இல்லாமல் எந்தச் சிறை ஊழியப் பிரசங்கமும் முடிவதில்லை. நடுராத்திரிப் பாட்டு, பூமியதிர்ச்சி, கட்டுகள் கழன்றது, எல்லாம் சொல்வீர்கள். சிறைச்சாலைக்காரன் விசுவாசித்த அந்த இரவிலேயே பவுல், சீலாவின் காயங்களைக் கழுவினான் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. அதைப் பற்றி இதுவரை ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்னால் அவன் காயத்தைக் கழுவினான், ஐயா.

அந்தக் கூட்டத்தில் சுகமாகுதலைப் பற்றிய வசனத்தை வாசித்தவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வாசித்தார். அதைக் கழற்றி மேடையில் வைக்கும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடும் அம்மாக்கள் முன்வரிசையில் இருந்தார்கள். இரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை போடாத மூப்பர் ஒருவராவது உண்டா என்று தெரியவில்லை. அவர்கள் எல்லோருக்கும் விசுவாசமும் இருக்கலாம், மருந்தும் இருக்கலாம். எங்களுக்கு மட்டும் இரண்டில் ஒன்றுதானா?

இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாட்சி சொல்லக் கூப்பிடும்போது எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். எவ்வளவு ஆழமான சேறு என்று சொல்கிறோமோ அவ்வளவு கண்ணீர், அவ்வளவு கைதட்டல். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் எங்கே குத்தினோம் என்பது வரை கேட்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் காணிக்கைப் பெட்டி இருக்கும் பக்கம் நாங்கள் நடந்தால் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். வேலைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டால் ஜெபித்துப் பார்க்கலாம் என்கிறீர்கள். 'ஜெயில் பக்தி வெளியே வந்தால் போய்விடும்' என்று தேநீர் வேளையில் பேசுவது எங்கள் காதிலும் விழுகிறது. ஒநேசிமு என்ற அடிமை பட்ட கடன் எதுவானாலும் தன் கணக்கில் வைத்துக்கொள்ளும்படி அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதினார் பவுல். எங்களுக்காக அப்படி ஒரு கடிதம் எழுத உங்களில் யாருக்குக் கை வரும்?

சரி, இந்த மடல் அதைப் பற்றியது இல்லை. கோபத்தில் கொஞ்சம் விலகிவிட்டேன்.

உங்கள் ஊழியத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1813ல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போன சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரை, அங்கே கண்ட அசுத்தத்தையும் குளிரையும் பார்த்து, வேதம் வாசித்ததோடு நிற்கவில்லை; பிள்ளைகளுக்குத் துணி கொண்டுபோனார், பிறகு பள்ளியும் தையல் வேலையும் ஏற்பாடு செய்தார். நீங்களும் மழையிலும் வெயிலிலும் வாசலில் சோதனைக்கு நின்று உள்ளே வந்தவர்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேறு யாரும் வராத காலத்தில் வந்தீர்கள். அந்த நன்றியினால்தான் வேறெங்கும் முறையிடாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

மருந்தே இல்லாமல் ஒரே நாளில் விடுபட்டவர்களை எனக்கும் தெரியும். அவர்கள் சாட்சியை நான் சந்தேகிக்கவில்லை. கர்த்தர் ஒருவருக்குச் செய்ததை எல்லோருக்கும் சட்டமாக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

ஆகையால் மறுபடியும் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்: மருத்துவர் தரும் மாத்திரையை விசுவாசத்துக்குப் பரீட்சையாக வைக்காதீர்கள். வருகிற ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், வாடகை, திருமணம், பாடகர் குழு ஒத்திகை இவற்றோடு இதையும் ஒரு வரி சேர்த்துப் படியுங்கள்: "யாரும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம்; சபை அப்படிச் சொல்லாது." சிறை ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு அளவு மீறிய போதையின் அறிகுறிகளையும், நலோக்சோன் கொடுக்கும் முறையையும் ஒரு செவிலியரை அழைத்துச் சொல்லிக்கொடுங்கள். ஒரு மதியம் போதும்.

அந்தத் தம்பியை யாராவது போய்ப் பாருங்கள். இந்த முறை ஜெப எண்ணெய்க் குப்பி வேண்டாம். அவன் மறுபடி மருத்துவமனைக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். காலையில் அங்கே வரிசை நீளம், உடன் நிற்க ஒரு ஆள் இருந்தால் உதவியாக இருக்கும். மேடையில் அவனைக் கேட்டவரே போனால் இன்னும் நல்லது.

இதற்குப் பதில் எழுத உங்களுக்கு நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. அடுத்த சாட்சிக் கூட்டத்துக்கு நான் வருவேன், பின்வரிசையில் இருப்பேன். சிறையிலிருந்து வந்த அடுத்தவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டீர்களானால் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சிறை ஊழியத்தில் இரட்சிக்கப்பட்டு, இன்று காலையும் நாக்கடியில் மாத்திரை வைத்துக்கொண்ட சகோதரன்