வித்தகத்தில் வெட்டிய கூட்டைக் கழிவோடு சேர்க்காதீர்கள்

தமிழ்நாடு பட்டு வளர்ச்சித் துறை இயக்குநருக்கும், மத்திய பட்டு வாரியத்தின் வித்தகங்களை, அதாவது பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களை, கவனிக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

பட்டுக்கூட்டிலிருந்து புண்மேல் போர்த்தும் படலம், தோல் செல்கள் ஏறி வளரும் பஞ்சு, எலும்புக் குழியை நிரப்பும் கூழ் ஆகியவற்றைச் செய்ய நாட்டில் பல ஆய்வகங்கள் முயல்கின்றன. இவை பெரும்பாலும் வாங்குவது நூற்புக்கு விளைந்த கூட்டை, அல்லது அதில் கழித்ததை. அந்தக் கூடு சேலைக்கு நல்லது. ஆனால் உடம்புக்குள் வைக்கும் பொருளுக்கு அது பல வழிகளில் இடைஞ்சல். தேவையான கூடு உங்கள் வித்தகங்களிலேயே கிடக்கிறது என்பதால்தான் இந்த மடல்.

முதல் இடைஞ்சல் சூடு. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறாமலிருக்க, சுடுகாற்று உலர்த்தியில் 110 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கி, 60 வரை படிப்படியாக இறக்கி, ஐந்தாறு மணி நேரம் வைக்கிறார்கள். நூற்பவருக்கு வேறு வழியில்லை. ஆனால் அந்தச் சூட்டில், இழையைச் சுற்றியுள்ள செரிசின் பசை இறுகி, தண்ணீரில் எளிதில் கரையாத நிலைக்குப் போய்விடுகிறது. ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்வது இது: 5 கிராம் கூட்டுத் துண்டுகளை, 4.24 கிராம் சோடியம் கார்பனேட் கரைத்த 2 லிட்டர் கொதிநீரில் 30 நிமிடம் வேகவைத்து, மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பது. சூடு பட்டு இறுகிய கூட்டுக்கு அந்த அரை மணி போதாது. போதவில்லை என்று ஒரு மணி நேரம் வேகவைத்தால் வேறொன்று கெடுகிறது. பட்டிழையின் புரதம் ஃபைப்ரோயின்; அதன் நீண்ட மூலக்கூறான கனச் சங்கிலி சுமார் 390 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ளது. காரத்தில் கொதிக்கக் கொதிக்க அது துண்டு துண்டாகிறது. துண்டான புரதத்தில் வார்த்த படலம் காய்ந்ததும் விரல் பட்டாலே நொறுங்கும். பஞ்சாக்கினால், திசு வளர்ந்து முடியும் முன்பே கரைந்துபோகும்.

குறைவாக வேகவைத்துத் தப்பிக்கவும் முடியாது. ஃபைப்ரோயினோடு ஒட்டி மிஞ்சும் செரிசின் அழற்சியைத் தூண்டுகிறது. இதைக் கண்டுபிடிக்கத் தராசே போதும்: 5 கிராம் கூட்டில் ஏறத்தாழ 3.6 கிராம் இழை மிஞ்ச வேண்டும். 4 கிராம் நின்றால் பசை போகவில்லை; 3.3-க்கு இறங்கினால் ஃபைப்ரோயினும் சேர்ந்து போயிருக்கிறது. சந்தேகம் இருந்தால் பிக்ரோகார்மின் சாயம் ஏற்றிப் பார்க்கலாம். செரிசின் உள்ள இடம் சிவக்கும், வெறும் ஃபைப்ரோயின் மஞ்சளாக நிற்கும்.

இதற்குப் பிறகு வரும் வேலைகள், அதாவது 9.3 மோலார் லித்தியம் புரோமைடில் 60 டிகிரியில் நான்கு மணி நேரம் கரைப்பதும், இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை நீக்குவதும், யார் செய்தாலும் வரக்கூடியவை. கூடு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது இடைஞ்சல் அழுக்கு. இதுதான் பெரியது. உள்ளே செத்து நசுங்கிய கூட்டுப்புழு, பட்டுப்புழுவைத் தின்று வளரும் ஊஜி ஈ துளைத்த ஓட்டை, ஈரத்தோடு கட்டிய மூட்டை ஆகிய மூன்றிலும் பாக்டீரியா பெருகும். ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கலனில், 121 டிகிரியில் வைத்தால் பாக்டீரியா சாகும். அதன் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு அப்படியே இருக்கும். கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து அதை விரட்ட 250 டிகிரி உலர்சூட்டில் அரை மணி நேரம் வைப்பார்கள். பட்டை அப்படி வைக்க முடியாது. ஆகவே கூட்டில் ஏறவிட்டுப் பிறகு நீக்குவதைவிட, ஏறாமல் பார்த்துக்கொள்வதே நடக்கக்கூடிய வழி.

இனி உங்கள் வித்தகத்துக்கு வருவோம். கலப்பின முட்டை தயாரிக்கும்போது, ஆண் பெண் பிரிக்க, கூட்டை வெட்டிப் புழுவை உயிரோடு வெளியே எடுக்கிறீர்கள். வெட்டிய அந்தக் கூட்டின் ஓடு உலர்த்தியின் சூட்டைப் பார்த்ததில்லை. உள்ளே எதுவும் செத்ததில்லை. வித்துக் கூட்டின் விளைச்சல், முட்டை வழியாகப் பரவும் பெப்ரைன் நோய்க்காகக் கண்காணிக்கப்படுகிறது. எந்த இனம், எந்தத் தொகுதி என்ற பதிவும் கையில் இருக்கிறது. மருத்துவச் சாதனம் செய்பவர் மூலப்பொருளுக்குக் கேட்கும் காகிதங்களில் பாதி இதிலேயே வந்துவிடுகிறது. இவ்வளவும் இருந்தும், அந்த ஓடு கழிவுப் பட்டாகக் கிலோக் கணக்கில் விலைபோகிறது.

கேட்பது இதுதான். வெண்கூடுகளில், வெட்டிய அன்றே, கறையில்லாத ஓட்டை மட்டும் பிரித்தெடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் புழுவின் உரித்த தோலைத் தட்டிவிடுங்கள். அந்துப்பூச்சி துளைத்து வெளிவந்த கூட்டை இதில் சேர்க்கவே வேண்டாம். அதன் கழிவு நீர் ஓட்டில் ஊறியிருக்கும். நிழலில் காற்றோட்டமாகக் காயவைத்து, தாள் பையிலோ வெளுத்த பருத்திப் பையிலோ கட்டுங்கள். சணல் சாக்கு வேண்டாம். சணலைப் பதப்படுத்தும் எண்ணெயும் அதன் தும்பும் கூட்டில் ஒட்டும். ஒவ்வொரு பையோடும் ஒரே ஒரு தாள்: இனம், தொகுதி எண், வெட்டிய நாள், வளர்ப்பு மனையில் பயன்படுத்திய கிருமிநாசினி, மல்பெரியில் கடைசியாகத் தெளித்த மருந்தும் நாளும், புழுக்கள் ஒருசேரக் கூடு கட்ட ஹார்மோன் கொடுத்ததா இல்லையா. விவசாயி எதையாவது மறைத்துவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம். கொடுத்தேன் என்று எழுதியிருந்தாலும் கூட்டைத் தள்ளிவிடப் போவதில்லை. எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிய வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இதை வைத்து விவசாயிகளிடம் ஆசை காட்டாதீர்கள். பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் 50 மைக்ரான் தடிமனுள்ள படலத்துக்கு ஏறத்தாழ 0.7 கிராம் ஃபைப்ரோயின் போதும். ஒரு கிலோ ஓட்டில் கணக்குப்படி ஆயிரம் படலம் வரும், இழப்புகள் போகச் சில நூறு குறையும். டன் கணக்கில் தேவை எழாது. கிருஷ்ணகிரி, தருமபுரி அங்காடிகளின் விலை இதனால் ஏறப்போவதில்லை. வித்தகத்துக்குத் துணை வருமானம் கிடைக்கும், அவ்வளவே.

தொடக்கத்துக்கு ஒரே வித்தகம், ஒரே இனம், பத்து கிலோ ஓடு போதும். அதே இனத்தில் உலர்த்தியில் போட்ட கூடு இரண்டு கிலோவும் ஒப்பிட வேண்டும். எடை இழப்பு, சங்கிலி நீளம், எண்டோடாக்சின் ஆகிய மூன்றையும் தொகுதிவாரியாக அளந்து, நல்லதோ கெட்டதோ, எண்களை உங்களுக்கே முதலில் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
பட்டுப் புரதத்தில் வேலை செய்யும் ஆய்வாளர்கள்