சுமத்ரா எரிமலைக்கு ஆள் சேர்க்கும் பினாங்கு மலையேற்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கில் மலையேற்றக் குழு நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் உங்கள் அறிவிப்பு வந்துவிடும். மேடானுக்கு விமானம், பெராஸ்தாகியில் தங்கல், விடியற்காலையில் சிபாயாக் எரிமலை உச்சி, அப்புறம் தோபா ஏரி. நம் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போவது நல்ல காரியம். ஆனால் கூடவே "பல வருடமாக வெடிக்காத மலை, பயம் வேண்டாம்" என்றும் எழுதுகிறீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் ஏறிப் பழகிய மலை வேறு. நம் பினாங்குக் கொடிமலைப் பாதையில் ஒரு பாறையை உற்றுப் பாருங்கள். வெள்ளைப் படிகங்கள், கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ், கறுப்பு மைக்கா எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு பூமிக்கடியிலேயே தங்கி, மெல்ல மெல்ல ஆறியதால்தான் அவை அவ்வளவு பெரிதாக வளர்ந்தன. தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறி வளர்ந்த நமக்கு, மலை என்றால் அசையாது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு.

சிபாயாக்குக்கு அருகிலேயே இருக்கிறது சினாபோங் எரிமலை. சுமார் 400 ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டு 2010இல் விழித்துக்கொண்டது. 2014 பிப்ரவரியில் அதன் சரிவில் இறங்கிய நெருப்புச் சாம்பல் மேகம் குறைந்தது 14 பேரைக் கொன்றது. வேடிக்கை பார்க்கப் போன பள்ளி மாணவர்களும் அதில் அடக்கம். அந்த மேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடியது. ஓடித் தப்ப முடியாது.

நிலத்தடியிலும் வேகம் குறைவில்லை. சிலி நாட்டின் சைத்தேன் எரிமலை 2008இல் வெடித்தபோது, 5 கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இருந்த குழம்பு ஏறத்தாழ 4 மணி நேரத்தில் மேலே வந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதுவும் மெதுவாகத்தான் நகரும் என்று நம்பப்பட்ட கெட்டிக் குழம்பு.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஜப்பானின் ஒன்தாகே எரிமலை. அங்கே குழம்பு மேலே வரவே தேவைப்படவில்லை. பாறைக்குள் இருந்த நீர் சூடேறி ஆவியாக வெடித்தது. 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை, இலையுதிர்கால அழகைப் பார்க்க உச்சியில் நல்ல கூட்டம். எச்சரிக்கை மிகக் கீழ் நிலையில் இருந்தது. தொடர் அதிர்வு தொடங்கி 11 நிமிடத்தில் வெடிப்பு. 63 உயிர்கள் போயின. பெரும்பாலானோர் பறந்து வந்த கற்கள் தாக்கி இறந்தவர்கள். சிபாயாக்கின் வாய்ப்பள்ளத்தில் சீறும் ஆவியைப் பின்னால் வைத்து நம் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அதே நீரும் வெப்பமும்தான் அங்கேயும் கீழே இருக்கின்றன.

மேற்கு சுமத்ராவின் மராப்பி எரிமலையையும் (ஜாவாவின் மெராப்பி அல்ல) மறக்க முடியாது. 2023 டிசம்பர் 3 அன்று அது வெடித்தபோது நான்கு நிலைகளில் இரண்டாம் நிலை எச்சரிக்கை அமலில் இருந்தது. வாய்ப்பள்ளத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்ற அறிவுரையும் இருந்தது. அப்படியும் மேலே போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தோனேசிய எரிமலைக் கண்காணிப்பு மையம் நோர்மல் (இயல்பு), வஸ்பாடா (விழிப்பு), சியாகா (தயார்நிலை), அவாஸ் (ஆபத்து) என்று கீழிருந்து மேலாக நான்கு நிலைகளை வெளியிடுகிறது. மலாய் தெரிந்த நமக்குப் புரியாத சொற்களா இவை? ஏறும் நாள் காலையில் அதைப் பார்த்து, பெற்றோர் குழுவில் போடுங்கள். வஸ்பாடா என்று இருந்தாலே ஏற வேண்டாம், தோபாவை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். நோர்மல் என்றாலும் தலைக்கவசம் கட்டாயம். பள்ளத்துக்குள் கூடாரம் வேண்டாம், உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

அப்புறம் பணம். கட்டிய காசு போய்விடுமே என்றுதான் பல பேர் எச்சரிக்கையைப் பார்த்தும் ஏறுகிறார்கள். நிலை உயர்ந்தால் மலையேற்றம் ரத்து, அதற்கான தொகை திரும்பக் கிடைக்கும் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். அப்படி எழுதி வரும் பயணத்துக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரை நானே முதலில் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு பெற்றோர்