பார்சல் எடுக்கவில்லை என்றால் பணமும் போச்சா? ஆன்லைன் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். முகநூல் நேரலையில் சேலை, வாட்ஸ்அப்பில் முறுக்கு, அப்புறம் கவரிங் நகை, பூஜை சாமான், பிள்ளைகளுக்கு வேட்டி சட்டை என்று வீட்டிலிருந்தே விற்கிற தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் இந்த மடல்.

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிற ஊரில், நானும் என் வீட்டுக்காரரும் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். அரிசி மூட்டைக்குப் பக்கத்து அலமாரி முழுக்கப் பார்சல்தான். சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு வருவதையெல்லாம் கூரியர் ஆட்கள் எங்களிடம் இறக்கிவிட்டுப் போவார்கள், ஆட்கள் வேலை முடிந்து வந்து ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து எடுத்துப் போவார்கள். யாரும் எடுக்காதது கொஞ்ச நாளில் உங்களுக்கே திரும்பி வரும். திரும்பிப் போகும் பார்சலுக்கு எனக்கு அந்த ஒரு வெள்ளியும் கிடையாது, அதனால் இதில் எனக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. பார்சல் உங்களிடம் திரும்பி வந்த பிறகு நடக்கிற சண்டையைப் பற்றி. தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு பெண் 180 வெள்ளிக்குச் சேலை எடுத்தார், பணத்தை முன்கூட்டியே வங்கி வழியாக அனுப்பிவிட்டார். பார்சல் திரும்பிப் போய்விட்டது. பணத்தைக் கேட்டால் "நீங்கதான் எடுக்கல அக்கா, ரீஃபண்ட் கிடையாது" என்று ஒரே வரியில் பதில். அதோடு விட்டாலும் பரவாயில்லை, அடுத்த வாரம் அந்த வியாபாரி அதே சேலையை, அதே மயில் பார்டர், நேரலையில் காட்டி வேறொருவருக்கு விற்றுவிட்டார். அந்தப் பெண் கடைக்கு வந்து போனில் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். சேலையும் உங்களிடமே திரும்பி வந்தது, முதல் ஆளின் பணமும் உங்களிடம், இரண்டாவது ஆளின் பணமும் உங்களிடம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"நான் கூரியரிடம் கொடுத்துவிட்டேன், என் வேலை முடிந்தது" என்று பலர் சொல்கிறீர்கள். அதில் பாதி உண்மை. 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் 39-ஆம் பிரிவில், வாங்குபவருக்கு அனுப்புவதாகப் பேசிய பொருளைச் சரக்கு கொண்டுபோகிறவரிடம் கொடுத்தால், அது வாங்குபவரிடமே கொடுத்ததுபோல என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் அதே சட்டத்தின் 44-ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். வாங்கியவரை எடுத்துக்கொள்ளச் சொல்லியும் நியாயமான காலத்துக்குள் அவர் எடுக்கவில்லை என்றால், அதனால் வந்த நஷ்டத்தையும் பொருளைப் பத்திரப்படுத்திய நியாயமான செலவையும் விற்றவர் கேட்கலாம் என்கிறது அது. நஷ்டம், செலவு, அவ்வளவுதான். பொருளைத் திரும்ப வாங்கி விற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. (இந்தச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கு மட்டும். சபா, சரவாக்குக்கு அனுப்புகிறவர்கள் அங்குள்ள நிலவரத்தைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.)

கணக்கு போட்டுப் பார்ப்போம். போகும் கூலி 8 வெள்ளி, திரும்பி வரும் கூலி 8, பை, டேப், லேபிள் என்று 2 வெள்ளி என்று வையுங்கள். 180-இல் 18 போனால் 162. அதைத் திருப்பிக் கொடுத்தால் உங்களுக்கும் நஷ்டமில்லை, அந்தப் பெண்ணுக்கும் வயிறு எரியாது. இடையில் சேலை விலை இறங்கிப்போய்க் குறைத்து விற்க வேண்டி வந்ததா, அந்த வித்தியாசத்தையும் கழியுங்கள், ஆனால் கணக்கை எழுதிக் காட்டிவிட்டுக் கழியுங்கள்.

இப்போது 44-ஆம் பிரிவில் உள்ள "எடுத்துக்கொள்ளச் சொல்லியும்" என்பதற்கு வருவோம். உண்மையிலேயே யாராவது சொன்னார்களா? என் அலமாரியில் கிடக்கும் பார்சல்களில் பாதிக்கு மேல் சொந்தக்காரருக்கே தெரியாமல் கிடப்பவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லேபிளைப் பாருங்கள். தோட்டத்துப் பெயர் இருக்கும், 14-ஆம் நம்பர் வீடு என்று இருக்கும், தோட்டத்தின் எந்தப் பிரிவு, அதாவது எந்த டிவிஷன் என்று இருக்காது. ஒவ்வொரு டிவிஷன் லயத்திலும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலும், ஒரு 14 இருக்கிறது. பெயர் இடத்தில் "அம்மு குட்டி" என்று முகநூல் பெயரை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். எடுக்க வருகிற அம்மாவின் அடையாள அட்டையில் வேறு பெயர். நான் எப்படி நம்பிக் கொடுப்பது? ஊர்ப் பெயரே ஒரு குழப்பம். 2007-இல் பெயர் மாறியது, இன்னும் ஒருவர் பழைய பெயர் போடுகிறார், ஒருவர் புதுப் பெயர் போடுகிறார். 45600 என்ற அஞ்சல் எண்ணைச் சரியாகப் போட்டால் எப்படியோ வந்து சேர்ந்துவிடும், அதையும் தப்பாகப் போட்டால் பார்சல் எங்கெங்கோ சுற்றுலா போய்விட்டு வரும்.

போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செம்பனைக்குள் பல இடத்தில் லைன் கிடைக்காது. கிடைத்தாலும் தெரியாத எண் என்றால் யாரும் எடுப்பதில்லை, ஏனென்றால் போலீஸ் பேசுகிறேன், பேங்க் பேசுகிறேன் என்று ஏமாற்றுகிற கூட்டம் அந்த அளவுக்குப் பயமுறுத்தி வைத்திருக்கிறது. விடிவதற்கு முன்னால் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகிற ஆள் மத்தியானம் வரை போனைத் தொட மாட்டார். டெலிவரி பையனுக்கும் அன்றைக்கு இறக்க வேண்டியது வண்டி நிறைய இருக்கும். ஒரு தடவை அடித்துப் பார்ப்பார், "வீட்டில் ஆள் இல்லை" என்று பதிந்துவிட்டுப் போய்விடுவார். சில பேர் தோட்டத்து வாசலைக்கூடத் தாண்டாமலே அப்படிப் பதிகிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் டிராக்கிங்கில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, வாங்கியவர் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள்.

வாங்குகிறவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொருள் வந்ததும் பணம் என்கிற சிஓடி முறையில் நான்கு பேரிடம் ஒரே மாதிரிச் சேலைக்கு ஆர்டர் போட்டுவிட்டு, முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் "வேண்டாம் அக்கா, அனுப்பிடுங்க" என்று சொல்கிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டே வேறு சொல்வார்கள்! அங்கே நஷ்டம் முழுக்க உங்களுக்குத்தான், கையில் ஒரு காசு இல்லாமல் இரண்டு பக்கக் கூலியும் கட்டுகிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு அடுத்த தடவை முன்பணம் இல்லாமல் அனுப்பாதீர்கள், நான் உங்கள் பக்கம்.

தீபாவளிப் பலகாரத்திலும் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான். டப்பாவில் அடைத்த முறுக்கு என் அலமாரியில் வெயில் காலத்தில் பத்து நாள் கிடந்தால், டேப்பைப் பிரிப்பதற்கு முன்னாலேயே காறல் வாடை வெளியே வருகிறது. அதைத் திரும்ப வாங்கி நீங்கள் என்ன செய்வீர்கள்? வந்துவிட்டது என்று தெரிந்தும் எடுக்கவில்லை என்றால் பணம் கிடையாது என்பது நியாயம்தான். ஆனால் பார்சல் என் கடைக்கே தீபாவளி முடிந்த மறுநாள்தான் வந்தது என்றால் அந்தப் பழியை வாங்கியவர் தலையில் போடக்கூடாது. அது உங்களுக்கும் கூரியருக்கும் உள்ள வழக்கு. எந்தத் தேதியில் கடைக்கு வந்தது என்பது டிராக்கிங்கிலேயே இருக்கும், சண்டைக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, சமீபத்தில் அதிகமாகிவிட்டது. பார்சல் எடுக்காதவரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், சில நேரம் படத்தோடு சேர்த்து "இவர்களுக்கு விற்காதீர்கள்" என்று முகநூலில் போடுவது. ஆத்திரம் புரிகிறது. ஆனால் வியாபாரத்துக்காகக் கொடுத்த விவரத்தை அப்படிப் பொதுவில் போடுவது 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களையே மாட்டிவிடக்கூடியது. அதைவிட, தோட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர் இப்படிக் கெட்டால் லயம் முழுக்க அதுதான் பேச்சு. 180 வெள்ளிக்கு அது அதிகம்.

வாங்கியவருக்கும் வழி இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நம் ஆட்கள் திரிபுனல் என்று சொல்கிற பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீல் வைக்க முடியாது, தேவையும் இல்லை. தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் அதன்படி செய்யவில்லை என்றால் அது கிரிமினல் குற்றம். அங்கே பயனீட்டாளர்தான் வழக்குப் போட முடியும், விற்பவர் போட முடியாது. ஆகவே "போய்க் கேஸ் போடு பார்க்கலாம்" என்று சவால் விடுகிற தம்பிகள் கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள்.

விதியைப் பணம் வாங்குவதற்கு முன்னால் எழுதிப் போடுங்கள். கூலியோடு சேர்த்து மொத்த விலை எவ்வளவு, எப்போது வந்து சேரும், விற்பனை நிபந்தனைகள் என்ன என்பதையெல்லாம் காட்ட வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே வந்துவிட்டது. அதோடு எடுக்காமல் திரும்பினால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். திரும்பி வந்த பிறகு புதுசாக விதி கண்டுபிடிக்காதீர்கள். தோட்டத்து முகவரி என்றால் டிவிஷனையும் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் கேட்டு வாங்குங்கள், இரண்டாவது போன் நம்பர் ஒன்று கேளுங்கள், மகனுடையதோ பக்கத்து வீட்டுடையதோ. பார்சல் கடையில் இறங்கிய அன்றைக்கே "பெர்ஜுந்தை மளிகைக் கடையில் இருக்கிறது அக்கா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். தமிழில் பேசிப் போடுங்கள், படிக்கத் தெரியாதவர்களும் வாங்குகிறார்கள். அந்த மெசேஜ் உங்கள் போனில் இருந்தால், பிறகு "சொன்னேன், எடுக்கவில்லை" என்று தெம்பாகச் சொல்லலாம்.

சந்தேகம் இருந்தால் எங்களைக் கேளுங்கள். கடை எண் கூரியர் ஆட்களிடம் இருக்கிறது. டிராக்கிங் எண்ணின் கடைசி நான்கு எழுத்தைச் சொன்னால் அலமாரியில் தேடிப் பார்த்து, இருக்கிறதா இல்லையா, எப்போது வந்தது என்று சொல்லிவிடுவேன். இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் கூப்பிடாதீர்கள், கணக்குப் பார்க்கிற நேரம்.