சாதிக் கயிறு கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைப்பேசி விளையாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண் கெடுவது, தூக்கம் கெடுவது, மதிப்பெண் குறைவது எல்லாம் அதில் இருந்தன. பிளஸ் ஒன் படிக்கும் பையனுக்கு அம்மா என்பதால் அந்தக் கவலைகள் எனக்கும் உண்டு. ஆனால் விளையாடும்போது பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பள்ளிப் பிள்ளைகள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு போலவே, அந்தப் பேச்சுக்குள்ளும் சாதி புகுந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பாளையங்கோட்டையில் ஜிராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2009-இல் தொடங்கியபோது அது நெட் சென்டர். ஆறு கணினிகள், மணிக்கு 20 ரூபாய். பள்ளி விட்டதும் பையன்கள் வந்து ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ போடுவார்கள். கெட்ட வார்த்தை பேசினால் கல்லாவில் இருந்தபடியே ஒரு சத்தம் போடுவேன், அடங்கிவிடுவார்கள். யார் யாரோடு சேருகிறான், யாரை ஒதுக்குகிறான் என்பது என் கண்முன் நடந்தது. இப்போது அதே வயதுப் பையன்கள் ஆளுக்கொரு கைப்பேசியோடு வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சத்தம் போட யாரும் இல்லை.

ஊரடங்குக் காலத்தில் கடை பூட்டிக் கிடந்தபோது மகனோடு சேர்ந்து நானும் விளையாடக் கற்றுக்கொண்டேன். பலர் ஒரே தீவில் இறங்கி, கடைசிவரை யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் வகை. நான்கு பேர் ஒரு குழு. எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. யார் முன்னால் போவது, யாருக்கு மருந்துப் பெட்டி கொடுப்பது என்று மகனும் நானும் அவ்வளவு பேசியது அதற்கு முன் இல்லை. இன்றும் சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் விளையாடுகிறோம்.

போன தை மாதம் நடந்தது இது. எங்கள் இருவரோடு முன்பின் தெரியாத இரண்டு பேர் சேர்ந்தார்கள். நான் மைக்கை அணைத்திருந்தேன். அதில் ஒரு பையன் நம் பக்கத்துப் பேச்சுத்தான் பேசினான், நன்றாகவும் விளையாடினான். பத்து நிமிடம் போயிருக்கும். “ஏல, நீ எந்த ஊரு?” என்று என் மகனைக் கேட்டான். இவன் சொன்னான். அடுத்து, “எந்தத் தெரு?” அதையும் சொன்னான். அப்புறம் அந்தப் பையன் பேசவே இல்லை. தெருப் பெயர் தெரிந்துவிட்டால் மற்றதும் தெரிந்துவிடும் என்பதைத் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சற்று நேரத்தில் என் மகன் குண்டடிபட்டுத் தவழ ஆரம்பித்தான். இந்த விளையாட்டில் அப்படி விழுந்தவன் பக்கத்தில் கூட்டாளி வந்து சில விநாடி உட்கார்ந்தால் எழுப்பிவிடலாம். அவன் வந்தான். பக்கத்தில் நின்றான். எழுப்பவில்லை. என் ஆள் தூரத்தில் இருந்ததால் நானும் போய்ச் சேர முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையனின் ஐடியை, அதாவது விளையாட்டில் அவன் வைத்திருக்கும் பெயரை, பார்த்தோம். அவன் பெயருக்கு முன்னால் ஒரு சாதியின் பெயர், நடுவில் ஒரு கோடு, பின்னால் ஒரு எண். அவன் இருந்த கிளானுக்கும், அதாவது எப்போதும் சேர்ந்து ஆடுபவர்கள் வைத்துக்கொள்ளும் குழுவுக்கும், அதே சாதிப் பெயர்தான். தேடிப் பார்த்தால் ஒன்றல்ல, பல சாதிகளின் பெயரில் கிளான்கள் இருக்கின்றன. சிலவற்றில் அரிவாள் படம். என் மகன் சொன்ன பதில்தான் என்னைத் தூங்க விடவில்லை. “எங்க கிளாஸ்லயே நாலு பேர் வச்சிருக்காங்கம்மா. இது ஒண்ணும் புதுசு இல்ல” என்றான்.

நாங்குநேரி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டும் அடையாளங்களைத் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதற்கு முன் 2022-இல் ஆன்லைன் ரம்மியை என்ன செய்வது என்று ஆராய்ந்த குழுவுக்கும் தலைவர் அதே சந்துருதான். ஒரே மனிதரிடம் இரண்டு வேலை வந்து சேர்ந்தது. ஒன்று பிள்ளைகளின் கையில் இருக்கும் சாதிக் கயிறு, இன்னொன்று திரைக்குள் நடக்கும் சூதாட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தை, அதாவது திரைக்குள்ளேயே கட்டப்படும் சாதிக் கயிற்றை, இதுவரை யாரும் கேட்கவில்லை.

நம் நாட்டில் இந்த விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு தடையில் தொடங்கித் தடையிலேயே முடிந்துவிடுகிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி என்ற கைப்பேசி விளையாட்டு உட்பட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. காரணம் சீனாவோடு ஏற்பட்ட எல்லைப் பிரச்சினையும் தகவல் பாதுகாப்பும். மறு வருடமே அந்த விளையாட்டு இந்தியப் பெயரோடு திரும்பி வந்தது. 2022-இல் அதுவும் நீக்கப்பட்டு, 2023-இல் மறுபடி வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக நம் மாநிலம் சட்டம் போட்டது. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பண விளையாட்டுகளைத் தடை செய்து ஒரு சட்டம் நிறைவேற்றியது. ரம்மியில் பணத்தைத் தொலைத்துவிட்டு உயிரை விட்டவர்களின் செய்தியை உங்கள் நாளிதழிலேயே எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்தத் தடையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் பணம் வைக்காத விளையாட்டில் நடப்பதை இந்தச் சட்டங்கள் எதுவும் தொடவில்லை.

பெண் குரலுக்கு அங்கே கிடைக்கும் மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். நான் மைக்கைத் திறந்து “வலது பக்கம் ஆள் வர்றாங்க” என்று சொன்னால் போதும், “பொம்பளையா?” என்று ஒருவன் கேட்பான். அதற்கு அடுத்து வருவதை இங்கே எழுத முடியாது. எனக்கு 44 வயது, தாங்கிக்கொள்வேன். என் அண்ணன் மகளுக்கு 19. என் மகனைவிட நன்றாகக் குறி பார்ப்பாள். ஆனால் ஆண் பெயரில் ஐடி வைத்துக்கொண்டு, மைக்கை ஒரு நாளும் திறக்காமல் விளையாடுகிறாள். பேசாமல் விளையாடுவதால் குழுவுக்கு எதையும் சொல்ல முடியாது. தோற்றால் அந்தப் பழியும் அவள்மேல்தான்.

புகார் பொத்தான் இருக்கிறதே என்பார்கள். நான் மூன்று முறை அழுத்தியிருக்கிறேன். ஆங்கிலக் கெட்ட வார்த்தையைத் தட்டினால் நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடுகிறது. தமிழ் வசவை ஆங்கில எழுத்தில் அடித்தால் அப்படியே போகிறது. சாதிப் பெயர் அதற்கு வெறும் பெயர். அரிவாள் படத்தோடு சேர்த்து அந்தப் பெயரைப் பார்க்கும்போது எங்களுக்கு என்ன புரியும் என்பதை அந்த நிறுவனத்துக்கு யார் சொல்வது?

நான் ஒரு பெண்கள் அமைப்பில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். பெரியாரையும் அம்பேத்கரையும் படித்தது அங்கேதான். மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். “அது பசங்க விளையாட்டு, விடுங்க” என்று அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. நம் முன்னோர் அப்படி இருக்கவில்லை. ஆட்கள் எங்கே கூடினார்களோ அங்கே போனார்கள். சலூனிலும் டீக்கடையிலும் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்டு வாதம் செய்தார்கள். தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்தார்கள். இன்று பதினாறு வயதுப் பையன் சலூனில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பதில்லை. அவன் இருக்கும் இடம் இது. முற்போக்கு பேசும் நாம் அங்கே போகாததால், அரிவாள் படம் வைத்தவன் அந்த இடத்தைச் சுலபமாக எடுத்துக்கொண்டான்.

விளையாட்டு என்றாலே கெடுதல் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கனடாவில் இருக்கும் தமிழர் ஒருவரின் குழு 2023-இல் ‘வெண்பா’ என்று ஒரு விளையாட்டு செய்தது. 1980-களில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்த் தாய், அம்மா கொடுத்த சமையல் குறிப்பில் அழிந்துபோன வரிகளை யோசித்துக் கண்டுபிடித்துச் சமைப்பதுதான் ஆட்டம். முதலில் வருவதே இட்லி. அண்ணன் மகளின் மடிக்கணினியில் மூன்று பேரும் உட்கார்ந்து ஆடினோம். பையன் வளர வளரத் தமிழைவிட்டு விலகிப் போகும் இடத்தில் என் மகன் ஒன்றும் பேசாமல் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். அந்த விளையாட்டு 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. போலந்தில், போரில் சிக்கிய சாதாரண மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று காட்டும் ஒரு விளையாட்டை 2020-இல் அரசே மேல்வகுப்பு மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. நூலோடும் படத்தோடும் இதையும் ஒரு கலையாக வைத்துப் பேசுகிறார்கள்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. கையில் கயிறு இருக்கிறதா என்று பார்க்கும் ஆசிரியர்கள், விளையாட்டில் உன் பெயர் என்ன என்றும் ஒரு நாள் கேட்கட்டும். கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம், கேட்டாலே போதும். நம் மொழியின் வசவும் சாதிப் பெயரும் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்துப் புகார்களைப் பார்க்கும்படி இந்த நிறுவனங்களிடம் அரசு சொல்லட்டும். பண விளையாட்டுக்கு விதிமுறை எழுதத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியம் இல்லை. எங்கள் அமைப்பில் அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்கப்போகிறேன், பெண் பிள்ளைகளுக்கு மட்டும் மைக் திறந்து ஆடும் ஒரு போட்டி நடத்தலாமா என்று. கடையில் இடம் இருக்கிறது, வைஃபையும் இருக்கிறது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் சினிமா விமர்சனத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். மாணவர் பக்கத்தில் மாதம் ஒரு விளையாட்டைப் பற்றி, நல்லதும் கெட்டதும் சேர்த்து, கால் பக்கம் எழுத இடம் கொடுங்கள். ‘வெண்பா’வைப் பற்றி முதலில் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.