மரம் கரண்ட் குடுக்கும், ஆனா பில் கட்டத்தான் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரத்தரையில நடந்தாலே கரண்ட் வருமாம், இனிமே பில்லே கட்ட வேணாமாம்னு ஒரு செய்தி வாட்ஸ்அப்ல சுத்துது, பட்டறைக்கு வர்றவங்க போனை நீட்டி ஆசாரி இது நிஜமான்னு கேக்குறாங்க. கரண்ட் வர்றது நிஜம், பில் கதை பொய்.

சுவிட்சர்லாந்துல சூரிச் இடிஎச் பல்கலைக்கழகமும் எம்பா ஆய்வு நிலையமும் சேர்ந்து செஞ்ச வேலை இது. மரத்துல இருக்கிற செல்லுலோஸை அழுத்துனா கொஞ்சம் மின்சாரம் பிறக்கும், ஆனா லிக்னின்னு ஒண்ணு பசை மாதிரி இறுக்கிப் புடிச்சிருக்கிறதால சாதா மரம் அமுங்கவே அமுங்காது. அதனால மொதல்ல கெமிக்கல் போட்டு அந்த லிக்னினை எடுத்தாங்க, மரம் ஸ்பாஞ்ச் மாதிரி ஆயிடுச்சு, அமுக்கி விட்டா பழைய அளவுக்கே திரும்பி வருது. அப்புறம் 2021-ல கெமிக்கலே வேணாம்னு பால்சா மரத்துல ஒரு காளானை விட்டு 10 வாரம் மக்க வச்சிருக்காங்க, எடை 45 சதவீதம் கொறைஞ்சிருக்கு. காளான் புடிச்சு இத்துப்போன கட்டைய நாங்க அடுப்புக்குத்தான் போடுவோம், விரலால அமுக்குனா பொதுக்குன்னு உள்ள போகும், அந்த மெதுமெதுப்புதான் இவங்களுக்கு வேண்டியதே, படிச்சப்போ எனக்கு ஒரு நிமிஷம் கை ஓடல.

ஆனா ஒன்றரை சென்டிமீட்டர் கட்டை ஒண்ணுல வந்தது அதிகபட்சம் 0.87 வோல்ட், அதுவும் அழுத்துற நேரத்துக்கு மட்டும். 9 கட்டைய சேத்து ஒரு சின்ன எல்இடி எரிய வச்சாங்க, இதுல ஃபேன் எங்க ஓடுறது?

என் ஆசை வேற. அழுத்தம் பட்டா சிக்னல் வருதுன்னா அது சென்சார்தானே. போன வருஷம் எங்கம்மா ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சு ஹால்ல விழுந்துட்டாங்க, நான் மாடியில தூங்கிட்டிருந்தேன், விடியக்காலம் பால்காரர் கூப்பிட்டப்போதான் எறங்கி வந்து பாத்தேன், அதுவரைக்கும் வெறுந்தரையில கெடந்திருக்காங்க. ஆள் விழுந்ததை தரையே சொல்லுச்சுன்னா எத்தனை வீட்டுக்கு உதவும்! உங்க அறிவியல் பக்கத்துல பில் கதைய விட்டுட்டு இதைப் பத்தி விவரமா எழுதுங்க சார்.

இப்படிக்கு,
தச்சுவேலை செய்யும் ஒரு வாசகர்,
செங்கோட்டை